கிரியேட்டின் குடிச்சா ஸ்பீட் கூடுமா?

கேள்வி: எனக்கு 19 வயசு, 100 மீட்டர் ஓடுறன். வெள்ளவத்தை ஜிம்மில எல்லாரும் தசைக்குச் சக்தி குடுக்கும் எண்டு கிரியேட்டின் பவுடர் எடுக்கச் சொல்லீனம், அம்மா கிட்னி பழுதாகும் எண்டு பேசுறா. என்ன செய்ய?

பதில்: தம்பி, கிரியேட்டின் விளையாட்டில தடை செஞ்ச சாமான் இல்ல, கிட்னி சுகமா இருக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 தொடக்கம் 5 கிராம் பெரிய பிரச்சினை தராது, ஆனா அம்மாவிண்ட பயத்துக்காக எண்டாலும் முதல்ல ஒரு டொக்டரைப் பாத்து ரத்தம் செக் பண்ணுங்கோ. அது தசையில சக்தியைக் கெதியா திருப்பி நிரப்புது, அதால பயிற்சியில அஞ்சாவது ஆறாவது ஸ்பிரிண்டிலயும் கால் லேசில சோராது. ஆனா தசை தண்ணியப் பிடிச்சு 1, 2 கிலோ ஏறும், ஓடுற ஆளுக்கு அது பாரம்தான். எனக்கு உண்மையில பயம் அந்தப் பவுடர் வாற டின்னைப் பற்றித்தான். லேபிள்ல எழுதாத தடை செஞ்ச சாமான் உள்ள கலந்திருந்து ஊக்கமருந்து டெஸ்ட்டில பிடிபட்டாலும் பொறுப்பு உங்கட தலையிலதான். எங்கட கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க 2011ல தோள் நோவுக்கு எடுத்த மூலிகை மருந்தால 3 மாசம் தடை வாங்கினவர். சீல் உடைச்சு கரண்டிக் கணக்கில விக்கிற பவுடரைத் தொடவே வேண்டாம். காலமை ரெண்டு முட்டை, பின்னேரம் ஒரு கிண்ணம் அவிச்ச கடலை, நல்ல நித்திரை, இதை ரெண்டு மாசம் ஒழுங்கா செஞ்சிட்டு பிறகு டின்னைப் பற்றி யோசிப்பம்.