அந்தப் பாட்டும் ஜிக்கிதானா?

சார், வணக்கம்.

எங்கம்மா சமையக்கட்டுல நின்னா பழைய பாட்டு ஓடிட்டே இருக்கணும். அது பூரா சுசீலாம்மா பாடினதுன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன். போன மாசம் செல்லுல தேடிப் பாத்தா மயக்கும் மாலை, துள்ளாத மனமும் துள்ளும், ஊரெங்கும் தேடினேன் மூணும் ஜிக்கின்னு போட்டிருக்கு. மூணும் ஒரே ஆள் பாடின மாதிரியே இல்ல சார். இவ்வளவு நல்லா பாடினவங்க பேரு என் வயசுக்காரங்க யாருக்குமே தெரியல, ஏன்? வீட்டுக்காரர் ஏ.எம்.ராஜாவே மியூசிக் போட்ட கல்யாண பரிசுல ஒரே ஒரு பாட்டுதான் குடுத்திருக்காரு. குரல் கீச்சுன்னு சின்னப்புள்ள குரலா இருக்கறதாலயா? எந்தெந்தப் பாட்டு கேக்கலாம்னும் சொல்லுங்க.

ஒரு வாசகி, திருநெல்வேலி

வணக்கம்மா,

உங்க கேள்விக்கான பதிலை பாதி நீங்களே எழுதிட்டீங்க. மூணும் ஒரே ஆள் மாதிரி இல்லன்னு சொன்னீங்களே, அதான் விஷயமே. சுசீலாம்மா பாட்டை எங்க கேட்டாலும் முதல் வரியிலயே இது சுசீலான்னு தெரிஞ்சிடும், எல்.ஆர்.ஈஸ்வரியம்மாவும் அப்படித்தான், ஆனா ஜிக்கியைக் கேட்டா அந்தப் பாட்டுல வர்ற பொண்ணுதான் முன்னால வந்து நிப்பா, பாடினவங்க பின்னால போயிடுவாங்க. பாட்டு நம்ம மனசுல நின்னுது, பேரு நிக்கல. பாட வந்தவங்களுக்கு இது நஷ்டம்தான், ஆனா அவங்க கெட்டிக்காரத்தனமும் இதேதான்னு நான் சொல்வேன்.

அவங்க நெஜப் பேரு கிருஷ்ணவேணி. திருப்பதி பக்கம் சந்திரகிரிக் குடும்பம், வளந்தது சென்னையில. 1943-ல பந்துலம்மான்னு ஒரு தெலுங்குப் படம், அதுலயே சின்னப் பொண்ணா வந்து பாடிட்டாங்க. 1948-ல தமிழ்ல ஞானசௌந்தரி. அதுல அருள் தாரும் தேவ மாதாவே பாட்டை கேட்டுப்பாருங்க, ஞானசௌந்தரி சின்னப் பொண்ணா ஆரம்பிப்பா, பாட்டு போகப்போக பெரியவளாயிடுவா, சின்ன வயசுக்கு ஜிக்கி, பெரிய வயசுக்கு பி.ஏ.பெரியநாயகி. பெரியநாயகியோடது கச்சேரி மேடைக் குரல், நல்ல கனம், அவங்களுக்கு முன்னாடி இந்தப் பொண்ணு கொஞ்சம்கூட பயப்படாம பாடியிருக்கும். சின்னப்புள்ள குரல்னு கேட்டீங்கல்ல, அப்ப அவங்க நெஜமாவே சின்னப்புள்ளதான்!

ரெண்டு வருஷம் கழிச்சு 1950-ல மாடர்ன் தியேட்டர்ஸ் மந்திரி குமாரி. கலைஞர் வசனம், ஜி.ராமநாதன் மியூசிக். வாராய் நீ வாராய் உங்கம்மாவுக்கு நிச்சயமா தெரிஞ்சிருக்கும். திருச்சி லோகநாதன் கூட பாடினப்போ ஜிக்கிக்கு பதினஞ்சு வயசைத் தாண்டியிருக்காது. காட்சி தெரியுமில்ல, புருஷன் பொண்டாட்டியை ஆசை வார்த்தை சொல்லி மலை உச்சிக்கு கூட்டிட்டுப் போறான், மேல போனதும் தள்ளிவிட்டு கொல்றதுக்கு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. லோகநாதன் குரல்ல ஒரு இழுப்பு இருக்கு, கதை தெரிஞ்சு கேட்டா வயித்தைக் கலக்கும், ஆனா ஜிக்கி பாடுற இடத்துல துளி சந்தேகம் இருக்காது, காத்து வாங்கப் போற பொண்ணு எப்படி பாடுவாளோ அப்படியே பாடியிருப்பாங்க. அங்க கொஞ்சம் சோகத்தைக் கலந்திருந்தா கதையே கெட்டிருக்கும்! அனுபவப்பட்ட பாடகிங்களே அந்த இடத்துல கொஞ்சம் உருகிக் காட்டலாம்னு ஆசைப்படுவாங்க. அதே படத்துல அதே ஜோடி பாடின உலவும் தென்றல் காற்றினிலேயும் இருக்கு, ஆனா எனக்கு வாராய்தான் ஒரு படி மேல.

ஆரவல்லி (1957) படத்துல டி.வி.ரத்னத்தோட சேர்ந்து பாடின சின்னப் பெண்ணான போதிலே பாட்டையும் கேளுங்க. அது இங்கிலீஷ்ல அப்போ ஊர் உலகமெல்லாம் பாடிட்டிருந்த கே செரா செரா மெட்டு. வெளியூர் மெட்டுன்னே தோணாது, நம்ம தெரு பொண்ணு ஒண்ணு பாடுற மாதிரி இருக்கும்.

தெலுங்குல 1955-ல ரோஜுலு மாராயி படத்துக்காக ஏருவாக சாகாரோன்னு ஒண்ணு பாடினாங்க, மாஸ்டர் வேணு மியூசிக், திரையில ஆடினது வஹீதா ரஹ்மான். ஆந்திராவுல இன்னைக்கும் அந்தப் பாட்டு செத்துப்போகல. அதே மெட்டுதான் அப்புறம் எஸ்.டி.பர்மன் மூலமா பம்பாய் கா பாபு இந்திப் படத்துக்குப் போச்சு, அங்க ஆஷா போஸ்லே பாடினாங்க. ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க. ஆஷா பாட்டுல ஒரு மினுக்கு இருக்கும், ஜிக்கி பாட்டுல வயல்வெளி இருக்கும். ராஜ்கபூரோட ஆஹ் படம் தமிழ்ல அவன்ங்கற பேர்ல வந்தப்போ ஜிக்கியும் ராஜாவும்தான் பாடினாங்க. இன்னொருத்தி வாயசைப்புக்கு ஏத்த மாதிரி வேற பாஷை வார்த்தையைப் போட்டுப் பாடணும், அது லேசுப்பட்ட வேலை இல்ல, இருந்தும் கல்யாண ஊர்வலம் வரும் பாட்டை இந்தியிலேர்ந்து வந்ததுன்னு சொன்னா நிறைய பேர் நம்பமாட்டாங்க.

குலேபகாவலி (1955) ஒரு படத்துலயே உங்க சந்தேகம் தீந்துடும். மயக்கும் மாலை பாட்டுல போ போ, வா வான்னு ரெண்டு சின்ன வார்த்தை வருதில்ல, அதை சத்தமா சொல்லாம பக்கத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் கேக்கற மாதிரி சொல்லியிருப்பாங்க. அதே படத்துல சொக்கா போட்ட நவாபு, அதுல முழுக்க நையாண்டி, வாய்க்கொழுப்பு. அதுவும் ஜிக்கிதான். ரெண்டையும் ஒரே தொண்டைதான் பாடிச்சுன்னு நம்ப கஷ்டமா இருக்கும்.

இப்ப கல்யாண பரிசுக்கு வர்றேன். 1959, ஸ்ரீதர் டைரக்ட் பண்ண முதல் படம், பட்டுக்கோட்டையார் பாட்டு. வாடிக்கை மறந்ததும் ஏனோ, ஆசையினாலே மனம் ரெண்டு டூயட்டும் ராஜாவும் சுசீலாவும். வீட்டுக்காரிக்கு துள்ளாத மனமும் துள்ளும் மட்டும். 1961-ல தேன் நிலவுலயும் இதே கதைதான், டூயட்டுக்கெல்லாம் சுசீலாவும் ஜானகியும், ஜிக்கிக்கு தனியா ஊரெங்கும் தேடினேன். இதுக்கு வீட்டு வழக்குல காரணம் தேடாதீங்க, காதுலயே காரணம் இருக்குன்னு நான் நினைக்கிறேன். ராஜாவோடது மெல்லிசான குரல், மேல போனாலும் சத்தம் கூடாது, அதோட சேந்து போறதுக்கு சுசீலாவோட நேரான, வழவழப்பான குரல் நல்லா பொருந்தும். ஜிக்கி பக்கத்துல பாடினா நம்ம காது அவங்க பக்கமே போயிடும். மியூசிக் டைரக்டர் ராஜாவுக்கு அது புரிஞ்சிருக்கு, அதனாலதான் தனியா ஒரு பாட்டை தூக்கிக் குடுத்திருக்காரு, அதுவும் எப்பேர்ப்பட்ட பாட்டு!

துள்ளும், சொல்லும், கிள்ளும், வெல்லும்னு வரிக்கு வரி முடிவுல இயைபு. ளகரமும் லகரமும் மாறி மாறி வரும். கொஞ்சம் அசந்தா எல்லாம் ஒரே சத்தமா போயிடும், தமிழே தாய்மொழியா உள்ள பாடகிங்களே இன்னைக்கு அப்படித்தான் பாடுறாங்க, அது வேற வயித்தெரிச்சல். தெலுங்கு வீட்டுல பொறந்த இவங்க ஒவ்வொண்ணையும் தனித்தனியா உச்சரிச்சிருப்பாங்க, ஆனா தமிழ் வாத்தியார் பாடம் நடத்துற மாதிரியும் இருக்காது. துள்ளும்ங்கற வார்த்தை வர்றப்பல்லாம் லேசா ஒரு எழும்பல் இருக்கும், கவனிங்க. வார்த்தைக்கு உண்டான நடிப்பை சங்கதியில, அதாவது ராக நெளிவுல, செய்யாம உச்சரிப்புல செஞ்சவங்க அவங்க.

60-க்கு அப்புறம் வாய்ப்பு குறைஞ்சது உண்மைதான். சுசீலாம்மா தமிழ்ல 1953-ல பெற்ற தாய் படத்துலயே வந்துட்டாங்க, பத்து வருஷத்துல தமிழ் சினிமா கதாநாயகிக்கு இதுதான் குரல்னு ஒண்ணை முடிவு பண்ணிக்கிச்சு, அது சுசீலா குரல். விதவிதமா பாடுறவங்களை விட ஒரே சீரா பாடுறவங்க கம்பெனிக்காரங்களுக்கும் வசதி. இதுல யார் மேலயும் குத்தம் சொல்ல எனக்கு இஷ்டமில்ல, சுசீலாம்மாவும் நமக்கு சாமி மாதிரிதான். ஜிக்கியும் ராஜாவும் மேடைக் கச்சேரி பண்ணிட்டிருந்தாங்க. 1989-ல வள்ளியூர் ரயில்வே ஸ்டேஷன்ல நடந்த விபத்துல ராஜா போயிட்டார், உங்க ஊருக்குப் பக்கம்தான். ஜிக்கி 2004 ஆகஸ்ட்டுல கேன்சர்ல போனாங்க. நடுவுல இளையராஜா கூப்ட்டு மனோவோட பாடவச்ச நினைத்தது யாரோ இருக்கு, பாட்டுக்கு ஒரு தலைவன் படம், 1989. கதாநாயகி ஷோபனா. ஐம்பது வயசு தாண்டின குரல்னு அதைக் கேட்டா யாரும் சொல்ல முடியாது, அந்த ஒரு பாட்டே போதும் இளையராஜா சாருக்கு நம்ம சார்புல ஒரு கும்பிடு போட.

கீச்சுன்னு இருக்கறதுக்கு வர்றேன், அதுல பாதி மெஷின் பண்ற வேலை. சினிமா ஃபிலிம் ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம் ஓடும், நம்ம ஊரு டிவியும் விசிடியும் 25. அப்படி மாத்தினப்போ நிறைய பழைய படம் நூத்துக்கு நாலு வேகம் கூடிப்போச்சு, வேகம் கூடினா சுருதியும் ஏறும், கிட்டத்தட்ட அரைக்கட்டைக்கு (ஹார்மோனியத்துல பக்கத்துக் கட்டைக்குப் போற தூரம்) கொஞ்சம் கம்மியா. ஏற்கனவே மேல் சுருதியில பாடுற பொண்ணுக்கு அரைக்கட்டை ஏத்திவிட்டா கீச்சுன்னுதான் கேக்கும். நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய அரக்கு இசைத்தட்டுலேர்ந்து ஏத்தினதுலயும் வேகம் சரியா வைக்காம ஏத்தினவங்க உண்டு. அந்தத் தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் புடிக்கும், அதனால படத்துல வர்ற பாட்டும் தட்டுல வர்ற பாட்டும் சில சமயம் நீளத்துலயே வேற வேறயா இருக்கும்.

அதனால வீடியோவா இருக்கறதை விட்டுட்டு ரெக்கார்டுலேர்ந்து எடுத்த ஆடியோவா தேடுங்க, கொரகொரன்னு சத்தம் இருந்தா பரவால்ல, அதை சுத்தம் பண்றேன்னு சிலர் குரலோட மேல் பகுதியையும் சேத்து வழிச்சு எடுத்துடறாங்க, அதுக்கு கொரகொரப்பே தேவலாம். கிடைச்சது வேகமா ஓடுதுன்னு சந்தேகம் வந்தா கூடப் பாடுற ஆம்பளைக் குரலைக் கவனிங்க, அது உங்களுக்குப் பழக்கமான டி.எம்.எஸ் குரலா இல்லாம மெலிஞ்சு கேட்டா வேகம் தப்பு. மதுரை வீரன்ல ரெண்டு பேரும் பாடின நாடகமெல்லாம் கண்டேன் இதுக்கு நல்ல பாட்டு, முதல்ல அதைப் போட்டுப் பாருங்க.