1990-இல் நின்றுபோன இராக் கட்டுமான வேலை: இழப்பீடு இப்போது கோர முடியுமா?

கேள்வி: இராக் அரசுத் துறை ஒன்றுக்காக என் தந்தையின் நிறுவனம் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டிக்கொண்டிருந்தது. 1990 ஆகஸ்டில் வேலை நின்றது. பிறகு குண்டுவீச்சில் நிலையமும் சேதமடைந்தது. 1989 முதல் வரவேண்டிய பில் தொகை, விட்டுவந்த இயந்திரங்கள், இழந்த லாபம் ஆகியவற்றுக்கு இழப்பீடு கோரலாமா?

பதில்: புதிய கோரிக்கைக்கு இனி இடமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1990 ஆகஸ்ட் 2 அன்று இராக் குவைத்தை ஆக்கிரமித்ததால் நேர்ந்த இழப்புகளுக்காக அமைக்கப்பட்ட ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் சுமார் 15 லட்சம் பேருக்கு 5,240 கோடி டாலர் வழங்கி முடித்த நிலையில், பாதுகாப்பு அவை 2022 பிப்ரவரியில் அதன் பணியை முடித்துவைத்தது. ஆகவே நிறுவனம் அன்றே கோரிக்கை கொடுத்திருந்ததா என்று பாருங்கள். வெளிநாட்டுக் கட்டுமான நிறுவனங்களின் கோரிக்கைகளை 'இ3' பிரிவுக் குழுக்கள் விசாரித்து, நிறுவனத்தின் பெயருடனேயே அறிக்கை வெளியிட்டன. அதில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருந்தால், வழங்கப்பட்ட தொகை உங்கள் நாட்டு அரசு வழியாக யாருக்குப் போனது என்று கேட்டறியலாம்.

பில் தொகைதான் உங்கள் வழக்கின் மையம். 1990 ஆகஸ்ட் 2-க்கு முந்தைய கடன்களைப் பாதுகாப்பு அவையின் 687-ஆம் தீர்மானம் ஆணையத்தின் வரம்புக்கு வெளியே வைத்தது. இராக்குடனான ஒப்பந்தங்களில் குழுக்கள் பார்த்தது பில் கெடு தேதியையல்ல, வேலை நடந்த தேதியை. 1990 மே 2-க்கு முன் செய்த வேலைக்கான பாக்கி பழைய கடனாகவே கருதப்பட்டது. எனவே ஏப்ரலில் அளவெடுத்துத் தளப் பொறியாளர் கையெழுத்திட்ட பில்லும் ஜூன் மாத வேலைக்கான பில்லும் ஒரே கட்டில் இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் வேறுவேறு. வாங்கிய அட்வான்ஸும் கழிக்கப்பட்டது. 1989 பாக்கி ஒப்பந்தக் கடனாக நிற்கிறது என்றாலும், வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பும், பிற நாட்டு நீதிமன்றங்களில் வழக்கிலிருந்து ஓர் அரசுக்கு உள்ள காப்பும் இன்று பெரிய தடைகள். வீணான வழக்குச் செலவில் நீங்கள் இறங்குவதை நான் விரும்பவில்லை.

சேதமடைந்த நிலையத்தைப் பொறுத்தவரை, 1990 ஆகஸ்ட் 2 முதல் 1991 மார்ச் 2 வரை எந்தத் தரப்பின் தாக்குதலால் விளைந்த சேதமும் ஏற்கப்பட்டது. ஆனால் ஒப்படைப்புக்கு முன் கட்டடத்தின் இழப்புப் பொறுப்பு யாருடையது என்பதை உங்கள் ஒப்பந்தமே சொல்லும். அது துறையிடம் இருந்திருந்தால் அந்த இழப்பு உங்களுடையதல்ல. இயந்திரங்களுக்கு வாங்கிய ரசீதும், அவை 1990 ஆகஸ்ட் 2 அன்று இராக்கில்தான் இருந்தன என்பதற்கான சான்றும் தேவைப்பட்டன, தேய்மானமும் கழிக்கப்பட்டது. இராக் மீது ஐ.நா. விதித்த வர்த்தகத் தடையால் மட்டும் ஏற்பட்ட நட்டம் ஏற்கப்படவில்லை. லாப இழப்புக்கு, முழு ஒப்பந்தமும் லாபத்தில் முடிந்திருக்கும் என்று கணக்குப் புத்தகங்களால் காட்ட வேண்டியிருந்தது.

உங்கள் நாட்டு அரசுக்கு எழுதுமுன், நிறுவனம் இன்னும் பதிவில் இருக்கிறதா, கூட்டாண்மையாக இருந்து கலைந்திருந்தால் தந்தையின் பங்குக்கு வாரிசுச் சான்று உண்டா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். உரிமை நிறுவனத்தினுடையது என்பதால், தனிநபராக நீங்கள் அனுப்பும் கடிதத்துக்குப் பதில் கிடைக்காமல் போகலாம்.