காலரில் இருப்பது அவருடைய நிரந்தர எண் அல்ல

உங்கள் கணவரின் கொள்ளுத்தாத்தா 1880-களில் லண்டன் போலீஸ்காரர், புகைப்படத்தில் காலரில் 'எச் 214' என்று இருக்கிறது, அதை வைத்து எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். அந்த எண்ணை நம்பித் தேடினால் கிடைக்காது. எச் என்பது வைட்சேப்பல் பிரிவு. வேறு பிரிவுக்கு மாற்றினால் காலர் எண்ணும் மாறிவிடும். சேரும்போது தரும் வாரண்ட் எண்தான் கடைசிவரை கூடவே வரும். முதலில் அதைப் பிடியுங்கள்.

லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் மெட்ரோபாலிட்டன் போலீஸ், அதாவது லண்டன் மாநகரப் போலீஸ், ஆவணங்கள் 'மெப்போ' (MEPO) என்ற பெயரில், எண் போட்ட தொகுப்புகளாக இருக்கின்றன. மெப்போ 4-இல் சேர்ந்தவர்களின் பதிவேடுகள். மெப்போ 21-இல் ஓய்வூதியத் தாள்கள், 1852 முதல். எனக்குப் பிடித்தது இதுதான்: பிறந்த ஊர், பணிக்காலம் மட்டுமல்ல, ஆளின் உடல் அடையாளம்கூட இருக்கும். ஆனால் ஓய்வூதியம் வாங்கியவர்களுக்கு மட்டும்தான். குடித்துவிட்டு வேலைக்கு வந்து பாதியிலேயே நீக்கப்பட்டவர்கள் அந்தப் படையில் ஏராளம். அப்படி இருந்தால் மெப்போ 7-இல் உள்ள போலீஸ் ஆணைகளைப் புரட்ட வேண்டும், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அப்புறம், காலர் எண் வீண் என்று நினைக்காதீர்கள். லண்டனின் குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியின் வழக்கு விசாரணைகள் 1913 வரை இணையத்தில் இலவசம். சாட்சி சொன்ன போலீஸ்காரரின் பெயரோடு பிரிவும் எண்ணும் அச்சாகியிருக்கும். அங்கே அவர் பேசியதையே படிக்கக் கிடைக்கலாம்.

ஒன்று மட்டும்: லண்டனின் நடுவே உள்ள பழைய நகரப் பகுதிக்கான சிட்டி ஆஃப் லண்டன் போலீஸ் தனிப்படை. அவர்களை மெப்போவில் தேடாதீர்கள்.