பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க (சிறிமா) காலத்து, இறக்குமதியை நிப்பாட்டி மூடின பொருளாதாரம்தான் இலங்கையை நாசமாக்கினதோ? சுதந்திரம் கிடைச்ச கையோட சிங்கப்பூர் மாதிரி திறந்து விட்டிருந்தா தப்பியிருக்குமோ?

கேட்ட பிள்ளை ஏ.எல் படிக்கிற ஆள் எண்டு நினைக்கிறன், கேள்வியைப் பார்க்க அப்பிடித்தான் கிடக்கு. பொருளியல் ரியூசனில "1970 - 77 இருண்ட காலம், 77க்குப் பிறகு வெளிச்சம்" எண்டு ரெண்டு வரியில சொல்லிக் குடுத்திருப்பினம். எனக்கு உந்த ரெண்டு வரியைக் கண்டாலே மனம் கொதிக்கும். நான் வன்னியில விசுவமடு. அந்த ஏழு வருசத்திலதான் எங்கட வீடு கல்வீடாச்சு.

முதல்லயே சொல்லிப்போடுறன், நான் சிறிமாவோட ஆள் இல்லை. கம்பஸ் போகத் தமிழ்ப் பெடியளிட்டக் கூடப் புள்ளி கேட்ட தரப்படுத்தலும், சிங்களத்துக்கும் பௌத்தத்துக்கும் முதலிடம் குடுத்த 72 அரசியலமைப்பும் அதே ஆட்சி செய்ததுதான், எங்கட சொந்தத்திலயே கம்பஸ் போகேலாமல் போன அண்ணாமார் இருக்கினம். அதால கீழ வந்து "தமிழனா இருந்துகொண்டு எப்பிடி இதை எழுதுறாய்" எண்டு கேக்க வேண்டாம். நான் எழுதப்போறது மிளகாயைப் பற்றி.

60களில அரசாங்கம் படித்த வாலிபர் திட்டம் எண்டு விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் காடு வெட்டிக் காணி குடுத்தது. எஸ்.எஸ்.சி (பத்தாம் வகுப்புச் சோதினை) படிச்சுப்போட்டு வேலை இல்லாமல் நிண்ட யாழ்ப்பாணத்துப் பெடியள்தான் கனக்க வந்தவை, எங்கட ஐயாவும் ஒரு ஆள். மூண்டு ஏக்கர், ஒரு கொட்டில், இரவில யானை. வந்த முதல் ரெண்டு மூண்டு வருசம் அம்மா அழுதபடிதான் இருந்தவவாம். பிறகு 70இல ஆட்சி மாறி, டொலர் இல்லை எண்டு வெளியில இருந்து வாற சாமான்களை ஒவ்வொண்டா நிப்பாட்டிச்சினம். இந்தியாவில இருந்து வந்த செத்தல் மிளகாயும் நிண்டுது, வெங்காயமும் நிண்டுது. கொழும்பு நாலாம் குறுக்குத்தெரு முதலாளிமார் லொறியோட பரந்தன் றோட்டால வந்து தோட்ட வாசல்ல நிண்டு விலை பேசின காலம் அது, நாங்கள் தேடிப்போகேல்லை, அவை தேடி வந்தவை.

எனக்கு அப்ப பத்து வயது இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தா முத்தத்தில படங்கு விரிச்சு, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நடக்க ஏலாமல் பழம் காயும், வீட்டில எல்லாருக்கும் தும்மல். ஐயா பின்னேரம் ஒரு செத்தலை எடுத்துக் காதுக்குக் கிட்டப் பிடிச்சு ஆட்டுவார், உள்ள விதை கிலுங்கினா காய்ஞ்சிட்டுது, கிலுங்காட்டி இன்னொரு வெயில். எனக்கும் பிடிச்சுக் காட்டுவார். அந்தக் காசிலதான் தண்ணி இறைக்கிற மெசின், அந்தக் காசிலதான் கிணறு கட்டினது, கிணத்துக் கட்டில சீமெந்து ஈரத்தோட 1974 எண்டு ஆணியால எழுதினது நான்தான். 2009இல கடைசி யுத்தத்தில எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி, முகாமில இருந்து திரும்பி வரேக்க வீடு இல்லை, கூரை இல்லை, நிலை கதவு ஒண்டும் இல்லை, அந்த 1974 மட்டும் இருந்தது.

ஆனா அதே 74ஐ இன்னொரு ஆளிட்டக் கேட்டா வேற கதை சொல்லுவினம், அதையும் மறைக்கக் கூடாது. உலகம் முழுக்க எண்ணெய் விலையும் சாப்பாட்டு விலையும் ஏறின நேரம், கூப்பனுக்கு (ரேசன்) அரசாங்கம் குடுத்த அரிசி, மா எல்லாம் குறைஞ்சு போச்சு. பாணுக்கு விடியப்புறம் கியூ, பஸ்ஸில அரிசிப் பை கொண்டு போனா பொலிஸ் மறிக்கும். எங்களுக்கு மரவள்ளி இருந்தது, காணி இருந்தது, தப்பினம். மலையகத்துத் தோட்டங்களில காணியும் இல்லை, வாக்கும் இல்லை, சனம் பட்டினியில செத்தது. அப்ப அங்க இருந்து கனபேர் வன்னிக்கு வந்தவை, தர்மபுரம் பக்கம் இப்பவும் அந்தக் குடும்பங்கள் இருக்கு. எங்கட தோட்டத்துக்கு ஒரு அம்மா ரெண்டு பிள்ளைகளோட மிளகாய் ஆய வந்தவ. முதல் நாள் மத்தியானம் என்ர அம்மா சோறு போட்டுக் குடுக்க, அவ சாப்பிடாமல் முந்தானையில கட்டினவ, ராவைக்கு பிள்ளைகளுக்கு எண்டு. அம்மா அதை அவிழ்க்கச் சொல்லி, பிள்ளைகளுக்கு வேற போட்டுத் தாறன் எண்டு சொல்லித்தான் சாப்பிட வைச்சவ. எங்களுக்கு வீடு கட்டின அதே கொள்கைதான் அந்த அம்மாவை லயத்தில (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில) இருந்து பட்டினியோட துரத்தினது. இதை நினைச்சா எனக்கு இண்டைக்கும் நெஞ்சு அடைக்கும்.

அவையளின்ர கதை 70இல தொடங்கினதில்லை. 48இல சுதந்திரம் கிடைச்சு அந்த வருசமே செய்த பெரிய வேலை குடியுரிமைச் சட்டம், நாட்டுக்கு டொலர் உழைச்சுத் தந்த தேயிலைத் தொழிலாளியை நாடற்றவன் ஆக்கினது. 64இல சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எண்டு பிரிச்சினம், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பாப்பம் எண்டு விட்டினம், 74இல அதையும் பாதி பாதியாப் பங்கு போட்டினம். வெளிநாட்டுக் கொள்கை எண்டு படிக்கிறியள் தானே, அதில இதையும் சேர்த்துப் படியுங்கோ.

சிங்கப்பூர் கதைக்கு வாறன். 48இல எங்கட ஏற்றுமதியில பத்தில ஒன்பது பங்கு தேயிலை, றப்பர், தெங்கு. சாப்பிடுற அரிசியில பாதிக்கு மேல வெளியில இருந்து. கொரியா யுத்தத்தில றப்பர் விலை ஏறி கை நிறையக் காசு, யுத்தம் தணிய விலை விழுந்துது, அரிசி விலை மட்டும் ஏறிச்சுது. 52இல யூ.என்.பி (ஐக்கிய தேசியக் கட்சி) அரசாங்கமே, கம்யூனிஸ்ட் எண்டாக் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கிற ஆக்கள், சீனாவோட றப்பர் - அரிசி ஒப்பந்தம் போட்டினம், வருசம் 50,000 தொன் றப்பர் குடுத்து 270,000 தொன் அரிசி எடுக்கிறது. அமெரிக்கா கோவிச்சு உதவியை மறுத்தும் விடேல்லை. என்னைக் கேட்டா இந்த நாடு வெளியில செய்த வேலையளில உருப்படியானது அதுதான், ஏனெண்டா சனத்தின்ர வயித்தைப் பார்த்துச் செய்தது. அப்பிடிச் செய்தவையே அடுத்த வருசம் கொத்து அரிசியை 25 சதத்தில இருந்து 70 சதமாக்கி, ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில சனத்தைச் சுட்டு, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவியை விட்டிட்டுப் போனவர். சிங்கப்பூரில நெல்லு விதைக்கிறவன் இல்லை, துறைமுகம்தான் தோட்டம். திறந்துவிட்டா அழியிறதுக்கு அங்க ஒரு விசுவமடு இருக்கேல்லை.

77இல ஜே.ஆர். ஜெயவர்த்தன ஆட்சிக்கு வந்தார், இறக்குமதியைத் திறந்தார். ரூபாவின்ர பெறுமதி பாதிக்குக் கிட்ட விழுந்துது, இந்தியச் செத்தல் திரும்ப இறங்கிச்சுது. ஐயா அந்தப் போகம் ஆய்ஞ்ச மிளகாயைச் சாக்கில கட்டி வைச்சு லொறி வரும் வரும் எண்டு பார்த்தவர். கட்டினது கறுத்து, வண்டு விழுந்து, கடைசியில போட்ட பசளைக் காசும் வரேல்லை. மெசினை வித்தம். அதே வருசம் இனக்கலவரத்தில அடிபட்டு மலையகத்துச் சனம் இன்னும் வந்து சேர்ந்தது, எங்களிட்ட அவைக்குக் குடுக்க வேலை இல்லை. திறந்ததைப் பிழை எண்டு நான் சொல்லேல்லை, கியூவில நிண்ட சனத்துக்கு அது பெரிய நிம்மதி, எனக்கு அது விளங்குது. ஆனா ஏழு வருசம் "பயிர் செய், பயிர் செய்" எண்டு எங்களை நம்ப வைச்சிட்டு ஒரே வரவுசெலவுத் திட்டத்தில கைவிட்டது சரியோ? கொஞ்சம் கொஞ்சமாத் திறந்திருக்கலாம். அறுவடை நேரம் மட்டுமெண்டாலும் வரி போட்டிருக்கலாம்.

இதை விளங்காத ஆக்கள் 2020இல மஞ்சள் இறக்குமதியை நிப்பாட்டினதையும் 2021இல ஒரே ராத்திரியில யூரியாப் பசளை இறக்குமதியை நிப்பாட்டினதையும் நினைச்சுப் பாருங்கோ. மூடினாலும் திறந்தாலும் கொழும்பில இருந்துதான் முடிவு, தோட்டக்காரன் றேடியோவில கேட்டுத்தான் அறிவான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை எண்டு சொல்லுவியள், ஆனா எழுதாமல் விட மனம் வரேல்லை. இண்டைக்கும் சந்தையில கழிவு எண்டு நூற்றுக்குப் பத்து வெட்டுறாங்கள். எந்தச் சந்தை எண்டு பேர் சொல்ல மாட்டன், திரும்ப நான்தான் அங்க போகவேணும். போன கிழமை 40 கிலோ பச்சை மிளகாய் கொண்டு போனன், 36 கிலோவுக்குத்தான் காசு. ஈரமும் இல்லை, அழுகலும் இல்லை, நானே ஒவ்வொண்டாத் தெரிஞ்சு கட்டினது. மிச்சம் நாலு கிலோ எங்க எண்டு கேட்டன். "அண்ணை, மூட்டையை இறக்கிப்போட்டுத் தள்ளி நில்லுங்கோ, பின்னால ஆக்கள் நிக்கினம்" எண்டு தராசுக்காரன் சொன்னவன்.