கிளாம்ப் வழுக்கினால் உடனே திருகை இறுக்காதீர்கள்

டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டும் இயந்திரத்தில், டென்ஷனரை (நரம்பை இழுக்கும் பகுதி) விட்டதும் கிளாம்பில் (இழுத்த நரம்பைப் பற்களால் கவ்வி நிறுத்தும் பிடி) நரம்பு நிற்காமல் பின்னால் இழுபடுகிறது, கிளாம்பின் திருகை இறுக்கினால் நரம்பில் பல் பதிகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் வழுக்குவது எது என்று பாருங்கள். இழுவை இருக்கும்போதே கிளாம்பைப் பூட்டி, அதன் வாயை ஒட்டி நரம்பில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். இழுவையை விட்டதும் கோடு வாயிலிருந்து நகர்ந்தால் தவறு பற்களில். கோடு அங்கேயே நிற்க, கிளாம்பே நகர்ந்தால் தவறு அடிப்பகுதியில்.

பற்களில் என்றால், பெரும்பாலும் அழுக்குதான் காரணம். நரம்பின் மேல்பூச்சு மெழுகு போலப் பற்களில் படிந்துவிடும், கண்ணுக்கே தெரியாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். கம்பி பிரஷ் மட்டும் வேண்டவே வேண்டாம், பற்களின் சொரசொரப்பே போய்விடும். நன்றாகக் காய்ந்த பிறகு, பழைய நரம்புத் துண்டு ஒன்றை இழுத்துப் பாருங்கள். அப்போதும் வழுக்கினால் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி மறுபடி சோதியுங்கள். வழுக்காத அளவு வந்ததும் நிறுத்திவிடுங்கள். 1.30 மி.மீ. நரம்புக்குச் சரியாக இருந்த பிடி 1.20-க்குத் தளர்வாகத்தான் இருக்கும், அதனால் நரம்பு மாறும்போதெல்லாம் இந்தச் சோதனை தேவை.

அடிப்பகுதி என்றால், அது பூட்டும் தண்டவாளத்தையும் அதே ஆல்கஹாலால் துடையுங்கள். கிளாம்ப் எளிதாக நகரவில்லையே என்று தண்டவாளத்தில் எண்ணெய் விட்டுவிடாதீர்கள், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது.