பழைய கிண்டிலில் அப்பாவின் தமிழ்க் கோப்புகள்: தெரியவைக்க என்ன வழி?

கேள்வி: 2011-இல் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கிண்டில் கீபோர்டு என்ற மின்னூல் கருவி ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. அப்பாவுக்கு 78 வயது. மொபைலில் படித்தால் கண் கூசுகிறது என்கிறார். 2001 முதல் 2004 வரை அவர் இணையத்திலிருந்து இறக்கிய மதுரைத் திட்ட நூல்கள், இணைய இதழ்ப் பக்கங்கள், இலங்கை நண்பர் அனுப்பிய வேர்டு கோப்புகள் எல்லாம் ஒரு சிடியில் இருக்கின்றன. கிண்டிலில் ஏற்றினால் சிலது கிறுக்கலாக வருகிறது. இப்போது இணையத்தில் எடுத்த தமிழ்க் கோப்பிலும் கொம்பு இடம் மாறி நிற்கிறது. இதைச் சரிசெய்ய முடியுமா, புதுசுதான் வாங்க வேண்டுமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: சரிசெய்யலாம். கருவிக்குள் எதையும் மாற்ற வேண்டாம், கோப்புகளை மாற்றினால் போதும். ஆனால் உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிச் சிக்கல். சிடியில் உள்ளது கிறுக்கலாக வருவதற்குக் காரணம் வேறு, புதிய கோப்பில் கொம்பு இடம் மாறுவதற்குக் காரணம் வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்து தேடித்தான் பலர் அலைகிறார்கள்.

முதலில் சிடி. அந்த வருடங்களில் தமிழுக்கு ஒரே குறியேற்றம் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடு) என்று ஒன்று புழக்கத்தில் இல்லை. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமான யூனிகோடில் தமிழ் 1991-லிருந்தே இருந்தாலும், வீட்டுக் கணினிகள் அதை ஒழுங்காகக் காட்டப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை இணையத் தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கிய டிஸ்கி ஒரு பக்கம், 1999-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த டாப், டாம் இன்னொரு பக்கம், இலங்கையில் பரவலாக இருந்த பாமினி வேறொரு பக்கம். போதாததற்குப் பல செய்தித்தளங்களும் இதழ்களும் ஆளுக்கோர் எழுத்துரு வைத்திருந்தன. எல்லாவற்றிலும் நடந்தது ஒன்றுதான்: ஆங்கில எழுத்துக்கோ ஐரோப்பியக் குறிகளுக்கோ உரிய எண்களில் தமிழ் வடிவங்களைக் குடிவைத்தார்கள். அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் கிறுக்கல். உங்கள் கிண்டிலில் அந்த எழுத்துரு கிடையாது.

எந்தக் கோப்பு எந்த வகை என்று கண்டுபிடிக்க, கணினியில் நோட்பேடில் திறந்து பாருங்கள். முக்கால் என்ற பின்னக் குறி, தலைக்கோடு போட்ட பெரிய ஏ, அமெரிக்க சென்ட் குறி, தலைக்கோடு போட்ட சின்ன யூ, இந்த நான்கும் வரிசையாக வந்தால் அது டிஸ்கியில் எழுதிய ‘தமிழ்’ என்ற சொல். ஜே, கே, பி, ஓ என்று சின்ன ஆங்கில எழுத்துகள் நான்கும் ஓர் அரைப்புள்ளியும் வந்தால் அதே சொல் பாமினியில். இலங்கை நண்பரின் கோப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சேமித்த இணையப் பக்கமாக இருந்தால் இன்னும் சுலபம். நோட்பேடில் திறந்தால் நிரல் வரிகளுக்கு நடுவே எழுத்துருவின் பெயரே இருக்கும். வேர்டு கோப்பில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, மேலே எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் வருகிறது என்று பாருங்கள்.

மதுரைத் திட்ட நூல்களை மாற்றிக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் வெளியிட 1998 பொங்கல் அன்று தொடங்கிய அந்தத் தன்னார்வ முயற்சி பிறகு யூனிகோடுக்கு மாறிவிட்டது. பழைய நூல்கள் யூனிகோடில் அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள். (இன்னொன்று: ராக்கெட் ஈபுக் என்ற முதல் தலைமுறை மின்னூல் கருவி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததும் அதே 1998-இல்தான். நம் ஆட்கள் கருவிக்குக் காத்திராமல் சங்க இலக்கியத்தைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்துவிட்டார்கள்.)

இதழ்ப் பக்கங்களையும் வேர்டு கோப்புகளையும்தான் மாற்றியாக வேண்டும். விண்டோஸில் என்.எச்.எம். கன்வெர்ட்டர், உலாவியிலேயே செய்வதானால் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி, இரண்டும் நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளவை. உரையை ஒட்டி, குறியேற்றத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடு வந்துவிடும். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும்.

ஒன்று, டிஸ்கியில் ‘இ’. பழைய பதிப்பில் அந்த எழுத்து உட்கார்ந்திருந்த எண், மற்ற மென்பொருள்களுக்கு வரியின் கடைசியில் மட்டும் தெரியவேண்டிய மறைவு இணைப்புக்குறி. அதனால் சில நிரல்கள் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். 1.7 பதிப்பில் ‘இ’-யை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், ஆனால் அதற்கு முந்தைய கோப்புகள் அப்படியே நிற்கின்றன. மாற்றியபின் ‘ந்த’, ‘ங்கே’, ‘ல்லை’ என்று மொட்டையாகத் தொடங்கும் சொற்களைத் தேடுங்கள். இருந்தால் முன்னால் ‘இ’ சேருங்கள்.

இரண்டு, பாமினிக் கோப்பில் உள்ள ஆங்கிலச் சொற்கள். டிஸ்கியில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் தனித்தனி இடம் உண்டு, ஆங்கிலம் சேதாரமில்லாமல் தப்பிக்கும். பாமினி ஆங்கில விசைகளின் மேலேயே ஏறி உட்கார்ந்த எழுத்துரு. கடிதத்துக்கு நடுவே ஆங்கிலத்தில் ஒரு முகவரி இருந்தால் அதையும் மாற்றி, அர்த்தமில்லாத தமிழாக்கித் தரும். ஆகவே மூலக் கோப்பை அழிக்காமல் வைத்துக்கொண்டு, நகலில் வேலை செய்யுங்கள்.

இனி இரண்டாவது சிக்கல்: யூனிகோடு கோப்பும் கிண்டிலில் ஏன் சரியாக வரவில்லை? அச்சகத்தில் அந்தக் காலத்தில் ‘கெ’ கோக்கிறவர் முதலில் கொம்பு அச்சை வைத்து, அடுத்து ‘க’ அச்சை வைப்பார். டிஸ்கியும் அதே முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்தது. யூனிகோடு அப்படியல்ல, முதலில் ‘க’, பிறகு எகரக் குறி. கொம்பை முன்னால் தள்ளிக் காட்டுவதும், ‘கொ’ என்றால் கொம்பையும் காலையும் இரு பக்கமும் பிரித்து வைப்பதும் கருவியில் உள்ள மென்பொருளின் பொறுப்பு. அந்தக் காலத்துப் படிப்பான்களுக்கு இந்த வேலை தெரியாது. சோனி 2004-இல் ஜப்பானில் விற்ற லிப்ரியே ஜப்பானிய வாசகருக்காகச் செய்தது. 2007 நவம்பரில் வந்த முதல் கிண்டில் ஆங்கிலக் கடைக்காகச் செய்தது. உங்களுடையது 2010-இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை. அமேசான் கிண்டிலில் தமிழ் நூல்களை விற்கத் தொடங்கியதோ 2016 டிசம்பரில். ஆகவே கடையில் வாங்கும் தமிழ்ப் புத்தகத்தை இந்தக் கருவியில் எதிர்பார்க்க வேண்டாம்.

வழி என்னவென்றால், எழுத்தைக் கட்டும் வேலையைக் கணினியிலேயே முடித்துவிட்டு, முடிந்த பக்கத்தைக் கருவிக்குக் கொடுப்பது. அதாவது பிடிஎஃப். அதில் எழுத்துரு உள்ளேயே பொதிந்திருக்கும், ஒவ்வொரு வடிவமும் பக்கத்தில் எங்கே நிற்கவேண்டும் என்பதும் முடிவாகியிருக்கும். கருவி யோசிக்க ஒன்றுமில்லை. பழைய நோக்கியா போன்களில் ஓபரா மினியின் அமைப்பில் ஒரு வரியை மாற்றித் தமிழ்த் தளங்களைப் படித்தோமே, நினைவிருக்கிறதா? அதுவும் இதே தந்திரம்தான். சர்வரிலேயே எழுத்தைப் படமாக்கி போனுக்கு அனுப்பினார்கள்.

ஏ4 பிடிஎஃப் மட்டும் வேண்டவே வேண்டாம். 6 அங்குலத் திரையில் அது எறும்பு ஊர்வதுபோல் தெரியும். பிடிஎஃப்பில் எழுத்தைத் தனியாகப் பெரிதாக்கவும் முடியாது, பக்கத்தை உருப்பெருக்கி இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு பக்கத்தோடு அப்பா கருவியைக் கீழே வைத்துவிடுவார். திரைக்கு ஏற்ற அளவில் பக்கத்தை நீங்களே அமையுங்கள். லிப்ரே ஆபீஸில் (வேர்டு போன்ற இலவச மென்பொருள்) பக்க அகலம் 9 சென்டிமீட்டர், உயரம் 12, நான்கு பக்க ஓரமும் 3 மில்லிமீட்டர். கருவிக்கே சட்டம் இருக்கிறது, பெரிய ஓரம் விட்டு இடத்தை வீணாக்காதீர்கள். எழுத்தளவு 14 புள்ளியில் தொடங்கி, இரண்டு பக்கம் மட்டும் ஏற்றி அப்பாவிடம் காட்டுங்கள். போதவில்லை என்றால் 16. இந்தச் சோதனையை முதலிலேயே செய்துவிடுங்கள். புத்தகம் முழுவதும் அமைத்தபிறகு திரும்பப் போவது எரிச்சல்.

எழுத்துருவில் மெல்லிய கோடு உள்ளதை எடுக்காதீர்கள், இந்தத் திரையில் சாம்பலாக மங்கும். நோட்டோ சான்ஸ் தமிழில் மீடியம் தடிமன் நன்றாக நிற்கும். வரிகளை இருபுறமும் சமன் செய்ய வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 9 சென்டிமீட்டரில் வரிக்கு மூன்று நான்கு சொல்தான் நிற்கும், சமன் செய்தால் நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும். செய்யுள் நூலுக்கு மட்டும் அகலம் 12, உயரம் 9 என்று திருப்பிப் போடுங்கள். நாற்சீர் அடி உடையாமல் ஒரே வரியில் நிற்கும். கிண்டிலில் எழுத்தளவு விசையை அழுத்தினால் வரும் மெனுவிலேயே திரையைத் திருப்பும் வசதி உண்டு.

முடிந்ததும் பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்து, யூஎஸ்பி கேபிளில் கிண்டிலை இணைத்து, டாகுமெண்ட்ஸ் என்ற ஃபோல்டரில் போடுங்கள். கோப்புப் பெயரையும், பிடிஎஃப்பின் உள்ளே உள்ள தலைப்பையும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் புத்தகப் பட்டியலில் அதே கொம்புப் பிரச்சினை வந்து நிற்கும். கம்பராமாயணம் மாதிரிப் பெரிய நூலைக் காண்டம் காண்டமாகப் பிரியுங்கள். ஆயிரக்கணக்கில் பக்கம் இருந்தால் இந்தக் கருவி திணறும்.

உங்களிடம் இபப் வடிவில் நூல்கள் இருந்தால் லிப்ரே ஆபீஸ் தேவையில்லை. காலிபர் என்ற இலவச மென்பொருள் இதே பக்க அளவில் பிடிஎஃப்பாக்கித் தரும். 2006-இல் சோனி ரீடரை லினக்ஸில் பயன்படுத்த வழியில்லாமல் கோவிட் கோயல் எழுதத் தொடங்கிய நிரல் அது. மின்னூல் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஒன்றை நான் பார்த்ததில்லை. ஸ்கேன் செய்த நூல்களுக்கு கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற கருவி உண்டு. பக்கப் படத்தையே சொல் சொல்லாக வெட்டிச் சின்னத் திரைக்கு அடுக்கும், மொழி எதுவானாலும் அதற்குக் கவலையில்லை. இவ்வளவு வேலைக்கு நேரமில்லை என்றால் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்துக்குப் போங்கள். 2013-லிருந்து இலவசத் தமிழ் மின்னூல்கள் வெளியிடுகிறார்கள். பழைய கிண்டில்காரர்களை நினைத்தே 6 அங்குல பிடிஎஃப்பும் போடுகிறார்கள். முதல் நாளே அப்பா கையில் கொடுக்க அதில் ஒன்றை இறக்குங்கள்.

கருவியைப் பற்றியும் கொஞ்சம். திரையில் படம் தெரிவதால் கருவி உயிரோடு இருக்கிறது என்று எண்ணிவிட முடியாது. இந்தத் திரையில் உள்ள மின்மையில் (இ-இங்க்) கருப்பு வெள்ளைத் துகள்கள் நகரும்போதுதான் மின்சாரம் செலவாகும். நகர்ந்தபின் மின்சாரமே இல்லாமல் அப்படியே நிற்கும். பக்கம் மாற்றும்போது திரை முழுவதும் மாறுகிறதா என்று பாருங்கள். ஒரு மூலை மட்டும் பழைய படத்தோடு உறைந்திருந்தால் உள்ளே கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது, அதன்மேல் பணம் போடாதீர்கள். பின்பக்கம் உப்பியிருந்தால் சார்ஜில் போடவே கூடாது. நெடுநாள் கிடந்த பேட்டரி என்பதால் முதல் தடவை பல மணி நேரம் சார்ஜ் ஏற விட்டபிறகுதான் செத்துவிட்டது என்ற முடிவுக்கு வரவேண்டும்.

வைஃபையை அணைத்து வையுங்கள், சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். கேபிளில் புத்தகம் ஏற்ற இணையமும் வேண்டாம், அமேசான் கணக்கும் வேண்டாம். யாராவது ‘ரீசெட் போட்டால் சரியாகிவிடும்’ என்று சொன்னால் கேட்காதீர்கள். கொம்பு அப்படியேதான் இருக்கும், அமேசானில் உள்ள கருவியின் பதிவு மட்டும் போய்விடும். இவ்வளவு பழைய கருவியை மறுபடி பதிவு செய்வது பெரும்பாடு.

புதுசு வாங்குவதா என்பதை நான் தமிழை வைத்து முடிவு செய்ய மாட்டேன், விளக்கை வைத்துதான் செய்வேன். கிண்டில் கீபோர்டில் திரைவிளக்கு கிடையாது. அப்பா பகலில் திண்ணையிலோ ஜன்னலோரத்திலோ உட்கார்ந்து படிப்பவர் என்றால் இதுவே தாராளம். இரண்டு ஓரத்திலும் பக்கம் திருப்பும் பொத்தான் இருக்கிறது, விரல் நடுங்கினாலும் தொடுதிரைபோல் தப்பாகத் தாவாது. இரவில் படிப்பவர் என்றால், விளக்கு வைத்த புதிய கருவியே நல்லது. அதில் தமிழ் யூனிகோடும் ஒழுங்காக வரும், எழுத்தையும் வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். அப்போது 9-க்கு 12 பிடிஎஃப் தேவைப்படாது. சிடியிலிருந்து மாற்றிய யூனிகோடு உரையை இபப் ஆக்கினால் போதும். ஆனால் புதிய கிண்டிலிலும் இபப் கோப்பைக் கேபிள் வழியே நேராகப் போட்டால் திறக்காது. அமேசானின் ‘சென்ட் டு கிண்டில்’ சேவை வழியாக அனுப்புங்கள், இல்லையென்றால் காலிபரில் கிண்டிலின் சொந்த வடிவமான ஏஇசட்டபிள்யூ3-க்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.