குளத்தில் விழும் கருவண்டு: மீன் குஞ்சைத் தின்னுமா, அரிய இனமா?

கேள்வி: மயிலாடுதுறை மாவட்டம் பொறையாறு பக்கத்தில் 10 சென்ட் நாற்றங்கால் குளம் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் கட்லா, ரோகு நுண்குஞ்சுகள் விடவேண்டும். மோட்டார் கொட்டகை விளக்குக்கு இரவில் பெரிய கருவண்டுகள் வந்து குளத்தில் விழுகின்றன. கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் நீளம், முதுகு பளபளப்பான கறுப்பு, வயிற்றுப்பக்கம் ஒரு முள். கையில் எடுத்தபோது அந்த முள் குத்திவிட்டது. இது மீன் குஞ்சுகளைத் தின்னும் வண்டு என்கிறார் பக்கத்துக் குளத்துக்காரர். பூச்சிமருந்து ஊற்றச் சொல்கிறார். இது அரிய இனம், இணையத்தில் படித்தேன் என்கிறான் மகன். வலையில் சிறு பழுப்பு வண்டுகளும் சிக்கின. அவற்றில் சிலவற்றின் வயிற்றில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. பூஞ்சணமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: முதலில், மருந்து ஊற்றாதீர்கள் ஐயா. சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மீனுக்குக் கடும் நஞ்சு. நுண்குஞ்சுகளுக்கு இரையாகவேண்டிய நுண்ணுயிர் மிதவைகளையும் அவை அழித்துவிடும். வண்டை ஒழித்துவிட்டு வெறும் தண்ணீரில் குஞ்சு விட்டு என்ன பயன்?

உங்கள் பக்கத்துக் குளத்துக்காரர் சொல்வது பாதி சரி. மீன் குஞ்சுகளை வேட்டையாடும் நீர்வண்டு உண்டு. ஆனால் அது வேறு குடும்பம். நம் குளங்களில் அடிக்கடி காணப்படும் சிபிஸ்டர் வகை அதைச் சேர்ந்தது. வளர்ந்த வண்டும் தின்னும், புழு இன்னும் மோசம். உங்கள் படத்தில் இருப்பது ஹைட்ரோஃபைலஸ் பேரினம். இந்தக் குடும்பத்து வண்டுகள் வளர்ந்த பிறகு பெரும்பாலும் அழுகும் இலை தழையையும் பாசியையும் மேய்கின்றன. அந்த அளவும் வயிற்று முள்ளுமே பேரினத்தைச் சொல்லிவிட்டன. மார்பின் அடியில் தொடங்கும் முகடு பின்னங்கால்களுக்கு நடுவே பின்னோக்கி முள்ளாக நீள்கிறது. குத்தினால் வலிக்கும், விஷம் இல்லை.

இரண்டையும் நீங்களே பிரித்தறியலாம், நுண்ணோக்கி வேண்டாம். ஒரு கண்ணாடி ஜாடியில் குளத்துத் தண்ணீரை ஊற்றி வண்டை விட்டுச் சற்று நேரம் பாருங்கள். சிபிஸ்டர் மூச்செடுக்க வரும்போது பின்புறத்தை நீர்ப்பரப்பில் நீட்டும். ஹைட்ரோஃபைலஸ் தலையைச் சற்றுச் சாய்த்து மேலே வந்து, உணர்கொம்பால் நீர்ப்படலத்தை உடைத்துக் காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்று வயிற்றுப்பக்கத்து நுண்மயிர்களில் தங்குவதால், நீருக்குள் அடிப்பக்கம் வெள்ளித்தகடு போல மின்னும். நீந்தும் விதமும் வேறு. சிபிஸ்டர் பின்னங்கால் இரண்டையும் ஒன்றாக வீசி வேகமாகப் பாயும். இது கால்களை மாற்றி மாற்றி அசைத்துத் தத்தளிப்பதுபோல் போகும். சிபிஸ்டரின் முதுகோரத்தில் மஞ்சள் விளிம்பு இருக்கும், உணர்கொம்பு நூல்போல் நீண்டிருக்கும். உங்கள் வண்டின் தலையிலிருந்து நீண்டு தெரிவது உணர்கொம்பு அல்ல, வாய்ப்பகுதியின் தொடுவுறுப்பு. உண்மையான உணர்கொம்பு குட்டையானது, நுனி தடித்தது, தலைக்கு அடியில் ஒளிந்திருக்கும். படம் பார்த்து இனம் சொல்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

புழுவை மட்டும் நம்பாதீர்கள். ஹைட்ரோஃபைலஸின் புழு இறைச்சி தின்னி. அதன் முக்கிய இரை நத்தை. தலைப்பிரட்டையும் சிறு மீன் குஞ்சும் அகப்பட்டால் விடாது. கவ்விய இரையைத் தலையோடு நீருக்கு மேலே தூக்கிப் பிடித்து மெல்லும் புழுவைக் கண்டால் அது இந்தக் குடும்பம். சிபிஸ்டரின் புழு நீருக்குள் இருந்தபடியே ஊசித்தாடையால் சாற்றை உறிஞ்சும். நீர்ப்பரப்பில் நிமிர்ந்த சிறு கொம்பு ஒன்றோடு பட்டுக்கூடு மிதந்தால் அது ஹைட்ரோஃபைலஸின் முட்டைக்கூடு. நாற்றங்காலில் கண்டால் எடுத்துவிடுங்கள். வயலிலோ வாய்க்காலிலோ இருந்தால் அப்படியே இருக்கட்டும். ஆடுமாடுகளுக்கு ஈரல் தட்டைப்புழுவைக் கடத்துவது நத்தைகள்தாம். அவற்றைத் தின்னும் எதுவும் உங்களுக்கு வேண்டியதே.

நாற்றங்காலுக்கு மருந்தைவிடச் சோப்பு-எண்ணெய்க் கரைசல் போதும். எக்டருக்கு 56 கிலோ மலிவான தாவர எண்ணெய், 18 கிலோ துணி சோப்பு என்பது பல காலமாகச் சொல்லப்படும் அளவு. உங்கள் 10 சென்டுக்கு எண்ணெய் இரண்டேகால் கிலோ, சோப்பு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கி, காற்றில்லாத நேரமாகப் பார்த்துப் பரப்பின்மேல் தெளியுங்கள். காற்று அடித்தால் எண்ணெய் ஒரு கரையில் ஒதுங்கிவிடும், வேலை வீண். மேலே வந்து மூச்செடுக்கும் பூச்சிகள் எல்லாம் இந்தப் படலத்தில் அடைபட்டுச் செத்துவிடும். குஞ்சு விடுவதற்கு 12 முதல் 24 மணி நேரம் முன்பு செய்யவேண்டும். குஞ்சு விட்ட பிறகு எண்ணெய் வேண்டாம். சிறுகண் வலையை இழுத்துப் பிடிப்பதே வழி.

இனி மகன் கேட்டது. இந்தப் பேரினத்தின் ஐரோப்பிய இனமான ஹைட்ரோஃபைலஸ் பைசியஸ் இங்கிலாந்தில் அரிதாகிவிட்டது. சதுப்பு நிலங்களை வடித்ததால், சோமர்செட் போன்ற பகுதிகளின் மேய்ச்சல் வாய்க்கால்களில்தான் அது எஞ்சியிருக்கிறது. மகன் படித்தது அதைப் பற்றியதாக இருக்கலாம். உங்கள் குளத்தில் விழுந்தது ஹைட்ரோஃபைலஸ் ஒலிவேசியஸ் என்று நினைக்கிறேன். 1781இல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபேப்ரிசியஸ் பெயரிட்ட இனம், இந்தியாவில் அரிதல்ல. அவருக்குப் பூச்சிகளை அனுப்பியவர்களுள் ஒருவர், உங்கள் ஊருக்கு அடுத்த தரங்கம்பாடியில் 1768 முதல் இருந்த கோனிக் என்ற மருத்துவர். ஆகவே உங்கள் பகுதிப் பூச்சிகள் ஐரோப்பியப் புத்தகங்களில் ஏறியது இன்று நேற்றல்ல.

அரிதான ஒன்று உங்கள் வலையில் இருக்குமானால், அது பெரிய வண்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் சிறுசுகளில்தான் இருக்கும். எல்லோரும் பெரியதைப் படம் எடுக்கிறார்கள், நெல்மணி அளவுள்ளதை யாரும் பார்ப்பதில்லை. வயிற்றில் வெள்ளையாக ஒட்டியிருப்பது பூஞ்சணம் அல்ல, முட்டைப்பை. தன் முட்டைகளைப் பட்டுப்பையில் வைத்து அடிவயிற்றில் சுமந்து திரியும் வண்டு, பெரும்பாலும் ஹெலோகாரிஸ் பேரினம். எந்த இனம் என்பதை உங்கள் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பை சுமப்பது பெண். இனங்களைப் பிரித்தறிய ஆணின் இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். எனவே பை இல்லாதவற்றையும் சேர்த்துப் பிடியுங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவில், கருப்பாக, சிவந்த கால்களோடு இருப்பவை வயல்களில் நிறையக் கிடைக்கும் ஸ்டெர்னோலோபஸ். அந்தப் பேரினத்தையே 2017இல் முழுவதுமாக மறுஆய்வு செய்யவேண்டியிருந்தது, அவ்வளவு குழப்பம்.

பிடித்ததை 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். சிறு கண்ணாடிக் குப்பி போதும். ஊர், தேதி, குளமா வாய்க்காலா, விளக்கில் வந்ததா வலையில் சிக்கியதா என்று பென்சிலால் எழுதிய துண்டுச்சீட்டைக் குப்பிக்கு உள்ளேயே போடவேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். வெளியே ஒட்டிய சீட்டு கழன்றுவிடும். சீட்டில்லாத வண்டால் ஆய்வாளருக்குப் பெரிய பயனில்லை, எவ்வளவு அரியதாக இருந்தாலும் சரி. உயிரோடு இருக்கும்போது முதுகு, வயிறு, தலையின் அடிப்பக்கம், முன்பாதம் என நான்கு கோணங்களில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பெரிய வண்டின் முன்பாதக் கடைசிக் கணு அகன்றிருந்தால் அது ஆண்.

சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கோ, கோவை வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறைக்கோ கேட்டுவிட்டு அனுப்பலாம். லட்சக்கணக்கில் விலை தருகிறேன் என்று எவரேனும் கைப்பேசியில் அழைத்தால் நம்பவேண்டாம். உயிரினங்களை வெளிநாட்டவருக்குக் கொடுப்பதற்கு 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும்.

கொட்டகை விளக்கைக் குளத்துக்கு எதிர்ப்புறம் திருப்புங்கள், அல்லது குஞ்சு வளரும் நாள்களில் இரவில் அணைத்துவிடுங்கள். படத்தில் கரையோரம் விரித்திருக்கும் கறுப்புத் தார்ப்பாயையும் சுருட்டி வையுங்கள். பளபளக்கும் பரப்பில் ஒளி தெறிப்பதைத் தண்ணீர் என்று நினைத்து நீர்வண்டுகள் இறங்கும். அங்கிருந்து உங்கள் குளம் இரண்டடி தூரம்தான்.